சாவிக்கொத்தும் வலிப்பு நோயும்

பேருந்து நிலையத்தில் ஒருவர் திடீரென்று கீழே விழுகிறார். உடல் விறைக்கிறது, கண்கள் மேலே செருகிக்கொள்கின்றன, கை கால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன, வாயில் நுரை தள்ளுகிறது. சுற்றிலும் கூட்டம் கூடிவிடுகிறது. "இரும்பைக் கொடுங்கள், இரும்பை!" என்று யாரோ கூவுகிறார். ஒருவர் தம் சாவிக்கொத்தை எடுத்து, இறுக மூடியிருக்கும் அந்தக் கைக்குள் திணிக்கிறார். சிறிது நேரத்தில் இழுப்பு தளர்கிறது. விழுந்தவர் நீண்ட மூச்சு விடுகிறார். "பார்த்தீர்களா, இரும்பு பட்டதும் நின்றுவிட்டது!" என்கிறார் சாவிக்கு உரியவர். கூட்டம் நிம்மதியுடன் கலைகிறது.

இந்தக் காட்சியை உங்களில் பலர் நேரில் கண்டிருப்பீர்கள். சாவி கொடுத்தவர் பொய் சொல்லவில்லை. கையில் இரும்பு வைக்கப்பட்டதையும் வலிப்பு நின்றதையும் அவர் தம் கண்ணாலேயே பார்த்தார். ஆனால் அவர் பார்க்காதது ஒன்று உண்டு. பெரும்பாலான வலிப்புகள் ஒன்று முதல் மூன்று நிமிடங்களுக்குள் தாமாகவே நின்றுவிடும். கூட்டம் கூடி, யாரோ கூவி, சாவியைத் தேடி எடுப்பதற்குள் அந்த நேரம் பெரும்பாலும் கடந்துவிடுகிறது. சாவிக்குப் பதில் ஒரு வாழைப்பழத்தை வைத்திருந்தாலும் வலிப்பு நின்றுதான் இருக்கும்!

தானாகவே நிற்கும் நோய்க்கு, கடைசியாக யார் என்ன செய்தாரோ அதுவே மருந்தாகத் தோன்றும். வலிப்பு நோயின் வரலாற்றில் மூடநம்பிக்கைகள் இத்தனை நீண்ட காலம் உயிரோடு இருந்ததற்கு இது ஒரு முக்கியமான காரணம். அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். அதற்கு முன், வலிப்பின்போது உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. இவை சிறு மின் துடிப்புகளால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. ஓர் அணு மற்றோர் அணுவைத் தூண்டுவதும் உண்டு, அடக்குவதும் உண்டு. தூண்டலும் அடக்கலும் சமமாக இருக்கும் வரை மூளை தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. ஏதோ ஒரு காரணத்தால் அடக்கல் தளர்ந்து, பெருந்தொகையான அணுக்கள் ஒரே நேரத்தில், ஒரே தாளத்தில் துடிக்கத் தொடங்கினால் அதுவே வலிப்பு. சந்தையில் ஆயிரம் பேர் ஆயிரம் பேச்சுப் பேசும்போது வணிகம் நடக்கிறது. ஆயிரம் பேரும் ஒரே சொல்லைச் சேர்ந்து கத்தத் தொடங்கினால் அங்கே எந்த வேலையும் நடக்காது அல்லவா? சிறிது நேரத்தில் மூளையின் அடக்கும் ஆற்றல் மீண்டும் கைமேலோங்கி, வலிப்பை நிறுத்திவிடுகிறது. வலிப்பு தானே நிற்பதன் காரணம் இதுதான்.

"காக்காய் வலிப்பு" என்ற பெயரைக் கேட்டுக் காகத்துக்கும் இந்நோய்க்கும் ஏதோ தொடர்பு இருப்பதாக நினைக்க வேண்டாம். "கால் கை வலிப்பு" என்பதுதான் பேச்சு வழக்கில் அப்படித் திரிந்தது என்பார்கள்.

பேயும் தெய்வமும்

மெசபொத்தேமியாவில் கி.மு. 11-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ஒரு மருத்துவ நூல் களிமண் பலகைகளில் கிடைத்திருக்கிறது. அதில் வலிப்பைப் பற்றிய குறிப்புகளைப் படித்தால் வியப்பாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் இழுப்பது, வாயில் நுரை தள்ளுவது, நினைவு இழப்பது எல்லாம் நுட்பமாகக் குறிக்கப்பட்டுள்ளன. ஆனால் காரணம் என்று வரும்போது, இது இன்ன பேயின் பிடி, அது இன்ன ஆவியின் பிடி என்று பங்கு பிரித்துவிடுகிறார்கள். கூர்ந்து பார்க்கத் தெரிந்தவர்கள்தாம், விளக்கம்தான் தவறிவிட்டது.

ஐரோப்பிய மொழிகளில் இந்நோய்க்கு வழங்கும் "எபிலெப்சி" என்ற சொல்லும், "பிடித்துக்கொள்ளுதல்" என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்ததே. பிடிப்பது யார் என்பதில் கிரேக்கப் பொதுமக்களுக்கு ஐயமே இல்லை: தெய்வம்! ஆகவே அவர்கள் இதைப் "புனித நோய்" என்றே அழைத்தார்கள்.

இந்தப் பெயரை எதிர்த்து, கி.மு. 400-ஐ ஒட்டிய காலத்தில் ஒரு நூல் எழுதப்பட்டது. ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் தொகுப்பில் அது சேர்ந்துள்ளது. எழுதியவர் அவரே தாமா, அவர் வழி வந்த வேறொருவரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. யாராக இருந்தாலும் துணிச்சல்காரர்! இந்த நோய் மற்ற நோய்களைவிட எவ்வகையிலும் புனிதமானதன்று என்று முதல் வரிகளிலேயே அறிவித்துவிடுகிறார். பிறகு, மந்திரித்துத் தீட்டுக் கழிப்பவர்களைப் பிடித்துக்கொள்கிறார். நோயாளி பிழைத்தால் தங்கள் திறமை என்கிறார்கள். இறந்தால் தெய்வ குற்றம் என்கிறார்கள். எப்படியானாலும் இவர்கள் மேல் பழி வராது என்பது அவர் குற்றச்சாட்டு. நம் சாவிக்கொத்துக் கதையை இருபத்து நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒருவர் கண்டுகொண்டிருக்கிறார்!

அந்தத் தீட்டுக் கழிப்பவர்கள் நோயாளிகளுக்குப் பல விலக்குகள் விதித்திருந்தார்கள். கறுப்பு உடை கூடாது, ஆட்டிறைச்சி உண்ணக்கூடாது, ஆட்டுத்தோலில் படுக்கக்கூடாது என்பன அவற்றுட் சில. இதற்கு அந்த ஆசிரியர் சொல்லும் மறுப்பு மிகச் சுவையானது. லிபியாவின் உட்பகுதியில் வாழும் மக்கள் ஆட்டுத்தோலையே உடுத்து, அதிலேயே படுத்து, ஆட்டிறைச்சி தின்றே வாழ்கிறார்கள். ஆடுதான் நோய்க்குக் காரணம் என்றால் அவர்களில் ஒருவர்கூட நலமாக இருக்கக்கூடாதே என்று கேட்கிறார். மேலும், ஆடுகளுக்கும் இந்நோய் வருவதைச் சுட்டிக்காட்டி, அப்படிப்பட்ட ஆட்டின் தலையைப் பிளந்து பாருங்கள். மூளை நீர் கோத்து நாற்றமடிப்பதைக் காண்பீர்கள். ஆட்டுக்குமா தெய்வம் சினம் கொள்ளும் என்ற பொருளில் வாதிடுகிறார். நோயின் இருப்பிடம் மூளை என்பது அவர் முடிவு. சளி இரத்தக் குழாய்களை அடைப்பதால் வலிப்பு வருகிறது என்று அவர் தந்த விளக்கம் தவறுதான். ஆனால் இடத்தைச் சரியாகச் சொல்லிவிட்டார்.

அவர் சொன்னதை எத்தனை பேர் கேட்டார்கள்? ரோமாபுரியில் மக்கள் மன்றம் கூடியிருக்கும்போது யாருக்கேனும் வலிப்பு வந்தால் அதைத் தீய சகுனமாகக் கொண்டு கூட்டத்தையே கலைத்துவிடுவார்கள். அதனால் "மன்ற நோய்" என்றே இதற்கு ஒரு பெயர் ஏற்பட்டது. வலிப்பு கண்டவரைப் பார்த்தால், தங்களைத் தொற்றாமல் இருக்கத் துப்புவார்கள். அரங்கில் வெட்டுண்டு வீழ்ந்த வாட்போர் வீரனின் சூடான இரத்தத்தைக் குடித்தால் குணமாகும் என்று நம்பி நோயாளிகள் அதையும் குடித்தார்கள் என்று ரோமானிய எழுத்தாளர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். குடித்த சிலருக்கு அதன்பின் பல மாதங்கள் வலிப்பு வராமல் இருந்திருக்கக்கூடும். இந்நோயின் இயல்பே அதுதான். அந்தச் சிலரே சாட்சிகளாகிவிட்டிருப்பார்கள்.

நம் நாட்டிற்கு வருவோம். சரகர் பெயரால் வழங்கும் ஆயுர்வேத நூல் இதை "அபஸ்மாரம்" என்று அழைத்து, வாத பித்த கபங்களின் கோளாறாக வகைப்படுத்துகிறது. நினைவு அழிதல் என்பது அச்சொல்லின் பொருள். நடராசர் திருவடியின் கீழ் மிதிபட்டுக் கிடக்கும் குறள் உருவத்துக்கும் அபஸ்மாரன் என்றே பெயர். தமிழில் அவனை முயலகன் என்கிறோம். "முயலகன்" என்பது தமிழ் அகராதிகளில் வலிப்பு நோயின் பெயராகவும் இருக்கிறது. திருச்சிக்கு அருகிலுள்ள திருவாசியில், முயலகன் பிணித்த கொல்லி மழவன் மகளைத் திருஞானசம்பந்தர் குணப்படுத்தியதாகப் பெரியபுராணம் கூறுவதை நீங்கள் படித்திருக்கலாம். நோய் கண்ட பெண்ணை என்ன செய்வதென்று அறியாமல் கோயிலில் கொண்டுபோய்க் கிடத்திய அந்தத் தந்தையின் கலக்கம் இன்றும் பல வீடுகளில் இருப்பதுதான்.

தவறான எண்ணம், சரியான மருந்து

ஓரளவேனும் பயன் தந்த முதல் மருந்து 1857-இல் வந்தது. அது வந்த வழி விசித்திரமானது. அந்த ஆண்டு மே மாதம் இலண்டனில் மருத்துவர் சங்கம் ஒன்றின் கூட்டத்தில் வலிப்பு நோய் குறித்து ஒரு கட்டுரை படிக்கப்பட்டது. தலைமை வகித்தவர் சார்லஸ் லோகாக். விக்டோரியா அரசியாரின் பேறுகால மருத்துவர் அவர். பாலுணர்ச்சி மிகுதியால் வலிப்பு உண்டாகிறது என்பது அக்கால மருத்துவர் பலருடைய உறுதியான கருத்து. பொட்டாசியம் புரோமைடு பாலுணர்ச்சியைத் தணிக்கும் என்று ஒரு செருமானியக் குறிப்பில் லோகாக் படித்திருந்தார். மாதவிலக்கை ஒட்டி வலிப்பு வந்த பதினான்கு பதினைந்து பெண்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்ததாகவும், ஒருவரைத் தவிர எல்லாரிடமும் பயன் தெரிந்ததாகவும் அவர் அந்தக் கூட்டத்தில் கூறினார்.

காரணம் பற்றிய கருத்து முழுத் தவறு. மருந்தோ வேலை செய்தது! ஏனெனில் புரோமைடு நரம்பணுக்களின் கிளர்ச்சியையே தணிக்கக் கூடியது. இரும்புச் சாவியும் புரோமைடும் தவறான எண்ணத்தில் பிறந்தவைதாம் என்றால், இரண்டுக்கும் என்ன வேறுபாடு? சாவி கொடுத்தவர் ஒரு வலிப்பு நின்றதைப் பார்த்தார். புரோமைடு கொடுத்த மருத்துவர்களோ மாதத்துக்கு எத்தனை வலிப்பு வந்தது, மருந்துக்குப் பின் எத்தனை வந்தது என்று எண்ணினார்கள். வந்துவிட்ட வலிப்பு நிற்பது பெரிதன்று. வரவேண்டிய வலிப்பு வராமல் இருக்கிறதா என்பதே கேள்வி. எண்ணிப் பார்த்தால்தான் இது தெரியும். (புரோமைடை நெடுநாள் உண்டவர்கள் மந்தமாகித் தூங்கி வழிந்தார்கள், முகமெல்லாம் கொப்புளம் கண்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். விலை சிறிதன்று.)

காரணத்தை அறியும் முயற்சியில் பெரும் பங்கு ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கில மருத்துவருடையது. இலண்டன் குவீன் சதுக்கத்தில் வலிப்பு நோயாளிகளுக்கும் முடக்குவாத நோயாளிகளுக்கும் என்றே 1859-இல் நிறுவப்பட்ட மருத்துவமனையில் அவர் பணியாற்றினார். சிலருக்கு வலிப்பு கட்டைவிரலில் தொடங்கி, உள்ளங்கை, முழங்கை, தோள், முகம் என்று படிப்படியாகப் பரவுவதை அவர் கவனித்தார். ஒழுங்கான வரிசை இது. பேய் பிடித்தால் ஒவ்வொரு முறையும் கட்டைவிரலிலா தொடங்கும்? மூளையின் மேற்பரப்பில் உடலுறுப்புகளுக்கென்று தனித்தனி இடங்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டும். ஓரிடத்தில் எழும் கிளர்ச்சி பக்கத்து இடத்துக்குப் பரவும்போது உடலில் வலிப்பும் பரவுகிறது என்று அவர் ஊகித்தார். 1870-இல் செருமனியில் ஃபிரிட்ச், ஹிட்சிக் என்ற இருவர் நாயின் மூளையை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டி எதிர்ப்பக்கக் கால்களை அசையச் செய்தபோது அந்த ஊகத்துக்குச் சான்று கிடைத்தது. சாம்பல் நிறப் பொருளில் திடீரென்று அளவுக்கு மீறி ஏற்படும் மின்னிறக்கமே வலிப்பு என்று ஜாக்சன் 1873-இல் வரையறுத்தார். இன்று நாம் சொல்வதும் ஏறத்தாழ அதுதான்.

1886-இல் அதே மருத்துவமனையில் விக்டர் ஹார்ஸ்லி, சிறு வயதில் தலையில் அடிபட்டிருந்த ஓர் இளைஞரின் மூளையில் இருந்த தழும்பை அகற்றி வலிப்பை நிறுத்திக் காட்டினார். எங்கே வெட்டுவது என்று அவருக்கு வழிகாட்டியது ஜாக்சனின் வரிசைதான்.

செருமனியின் இரு முகங்கள்

1912-இல் ஃபிரைபர்க் நகரில் ஆல்ஃபிரெட் ஹாப்ட்மன் என்ற இளம் மருத்துவர், அப்போது புதிதாக வந்திருந்த ஃபீனோபார்பிட்டால் என்ற தூக்க மருந்தை வலிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்தார். இரவில் தூங்கினார்கள், அதோடு, பகலிலும் வலிப்புகள் குறைந்தன. அவர் எண்ணிக் குறித்து வெளியிட்டார். நூறாண்டு கடந்தும் அம்மருந்து உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இருக்கிறது.

1924-இல் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர், மனிதத் தலையின் மீது மின்வாய்களை வைத்து மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். ஐந்து ஆண்டுகள் தயங்கி 1929-இல் வெளியிட்டார். இன்று "இ.இ.ஜி." என்று நாம் சொல்லும் சோதனை அதுவே. 1935-இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் இக்கருவியால் ஒரு முக்கியமான செய்தியைக் கண்டார்கள். கீழே விழாமல், கை கால் இழுக்காமல், சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மீண்டும் பழையபடி ஆகிவிடும் குழந்தைகள் உண்டு. அந்தச் சில நொடிகளில் அவர்கள் மூளையில் நொடிக்கு மூன்று முறை கூர்முனை அலைகள் எழுந்தன. அதுவும் வலிப்பே! வகுப்பில் "எங்கேடா பார்க்கிறாய்?" என்று குட்டு வாங்கும் பிள்ளைகளுள் இத்தகையோரும் இருக்கலாம் என்பதை ஆசிரியர்கள் நினைவில் கொள்வது நல்லது.

அதே பாஸ்டனில் மெரிட், புட்னம் இருவரும், தற்செயலை நம்பாமல், பூனைகளுக்கு மின்னதிர்ச்சியால் வலிப்பை உண்டாக்கி, எந்த வேதிப்பொருள் அதைத் தடுக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். 1908-லேயே தயாரிக்கப்பட்டு, பயனில்லை என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த ஃபெனிட்டாயின் அவர்கள் கையில் வெற்றி பெற்றது. 1938-இல் நோயாளிகளிடம் கண்ட பயனை வெளியிட்டார்கள். மந்தமும் தூக்கமும் இல்லாமலே வலிப்பைத் தடுக்க முடியும் என்பது அதனால் தெளிவாயிற்று.

ஆனால் அறிவு வளர்ந்தால் அச்சம் தானே விலகிவிடும் என்று எண்ணினால் ஏமாந்து போவோம். 1933 ஜூலையில் நாஜி அரசு கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் "பரம்பரை வலிப்பு" இடம் பெற்றது. யூதர் என்பதால் ஹாப்ட்மன் 1935-இல் பேராசிரியர் பதவியை இழந்து, பின்னர் அமெரிக்காவுக்கு வெளியேற நேர்ந்தது. மூளையலையைக் கண்ட பெர்கரோ, கருத்தடை வழக்குகளை விசாரித்த யேனா மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்திருந்தார் என்பது பிற்கால ஆய்வுகளில் வெளிவந்தது. நாஜிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927-இலேயே வர்ஜீனியாவின் கட்டாயக் கருத்தடைச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்திருந்தது. அவ்வழக்கில் தொடர்புடைய காப்பகத்தின் பெயரிலேயே "வலிப்பு நோயாளிகள்" என்ற சொல் இருந்தது.

வேலூரும் தில்லியும்

நம் நாட்டில் நிலை எப்படி? கனடாவின் மாண்ட்ரீல் நகரில், விழித்திருக்கும் நோயாளியின் மூளையைத் தூண்டி வலிப்பின் ஊற்றைத் தேடிய பெரும் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு. அவரிடம் பயின்று திரும்பிய ஜேக்கப் சாண்டி, 1949-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். இந்தியாவில் அத்தகைய துறை அதுவே முதல். 1952-இல் வலிப்பு நோய்க்கான அறுவை மருத்துவமும் அங்கே நடந்தேறியது.

மருத்துவத்தில் இந்த முன்னேற்றம் நிகழ்ந்து ஒரு தலைமுறை கழிந்த பிறகு சட்டத்தில் நடந்தது வேறு. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பைப் பற்றிப் பேச்சே இல்லை. 1976-இல் செய்த திருத்தத்தில், அடிக்கடி வலிப்பு வருபவர் திருமணத்துக்குத் தகுதியற்றவர் என்று பைத்தியத்தோடு சேர்த்து எழுதிவிட்டார்கள்! மருந்து கிடைத்துப் பல பத்தாண்டுகள் ஆன பிறகு! 1999-இல்தான் நாடாளுமன்றம் அந்தச் சொல்லை நீக்கியது. இடைப்பட்ட இருபத்து மூன்று ஆண்டுகளில் எத்தனை குடும்பங்கள் நோயை மறைத்தன, மறைப்பதற்காக எத்தனை பெண்கள் திருமணத்துக்குப் பின் மாத்திரையை நிறுத்தினார்கள் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது வலிப்பை அழைப்பதற்குச் சமம். சில வேளைகளில் நிற்காத வலிப்பாக மாறி உயிருக்கே ஆபத்தாகும்.

சட்டம் மாறியது, பெண் பார்க்கும் வீட்டில் பேச்சு இன்னும் மாறவில்லை. ஆகவே சிலவற்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வலிப்பு தொற்று நோயன்று; பைத்தியமும் அன்று. ஒருமுறை வலிப்பு வந்ததால் மட்டும் ஒருவர் வலிப்பு நோயாளி ஆகிவிடமாட்டார். கடுங்காய்ச்சலில் சிறு குழந்தைகளுக்கு வரும் இழுப்பு பெரும்பாலும் வயது ஏறும்போது மறைந்துவிடும். பிறப்பின்போது மூளைக்கு ஏற்பட்ட ஊறு, தலைக் காயம், மூளைக் காய்ச்சல், பக்கவாதம் எனக் காரணங்கள் பல. காரணமே புலப்படாத நேரங்களும் உண்டு. பன்றி நாடாப்புழுவின் முட்டை மனித மலத்தின் வழியாகத் தண்ணீரிலும் காய்கறியிலும் கலந்து வயிற்றுக்குள் போனால், அதன் இளம்புழு மூளையில் கட்டியாகத் தங்கி வலிப்பைத் தரும். பன்றி இறைச்சியைத் தொட்டும் பாராதவருக்கும் இது வரலாம் என்பது பலருக்குத் தெரியாது.

உலகில் ஏறக்குறைய 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. முறையாக மருந்து கிடைத்தால் அவர்களில் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும். ஏழை நாடுகளில் நான்கில் மூவருக்கு அந்த மருத்துவம் கிடைப்பதில்லை. மருந்து விலை உயர்ந்ததா என்றால், பழைய ஃபீனோபார்பிட்டால் மிக மலிவானது.

அடுத்த முறை பேருந்து நிலையத்தில் அப்படி ஒருவர் விழுந்தால், நீங்கள் முதலில் செய்ய வேண்டியது உங்கள் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கூட்டத்தை விலக்கி, அருகிலுள்ள கல், பெட்டி முதலியவற்றை அப்புறப்படுத்தி, தலைக்கடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். சட்டையின் கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். கை கால்களை அமுக்கிப் பிடிக்க வேண்டாம்; எலும்பு முறியலாம். நாக்கை விழுங்கிவிடுவார் என்று சொல்லி வாய்க்குள் கரண்டியையோ துணியையோ திணிப்பார்கள். நாக்கை விழுங்க யாராலும் முடியாது, பல் உடைவதுதான் மிச்சம். தண்ணீரும் புகட்டக்கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். இழுப்பு தளர்ந்ததும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் நுரையும் எச்சிலும் வெளியே வழிந்துவிடும். ஐந்து நிமிடம் கடந்தும் நிற்காவிட்டாலும், நினைவு திரும்பும் முன் மறுபடி வந்தாலும், கர்ப்பிணியாக இருந்தாலும், விழுந்ததில் அடிபட்டிருந்தாலும் உடனே 108-க்குச் சொல்லி மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

கண் விழித்ததும் அவருக்கு நடந்தது எதுவும் நினைவிருக்காது. சற்று நேரம் குழம்பிப் போய், தாம் எங்கே இருக்கிறோம் என்று கேட்பார். ஊரின் பெயரைச் சொல்லுங்கள், நடந்ததைச் சொல்லுங்கள், எத்தனை நிமிடம் நீடித்தது என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். மருத்துவருக்கு அது மிகவும் பயன்படும். அவர் கையில் யாருடைய சாவியாவது இருந்தால், வாங்கி உரியவரிடம் கொடுத்துவிடுங்கள்.